வலி நின்ற பிறகு

என் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருந்தார். சாய்மானம் மார்புக்கு முன்னால் இருந்தது. அதன்மேல் இரண்டு கைகளையும் மடக்கி வைத்து, கைகளின்மேல் தாடையை ஊன்றியிருந்தார். வயிற்றுக்குள்ளிருந்து முதுகு வரைக்கும் குத்துகிற வலி, முன்னால் குனிந்திருந்தால் கொஞ்சம் அடங்குகிறது என்று அவராகவே கண்டுபிடித்திருந்தார். படுக்க முடியாது. தூக்கம் வந்தால் அப்படியே தலை சரியும். சரிந்ததும் வலி எழுப்பிவிடும். நான் போன அன்று அவருடைய தாடைக்கு அடியில் கைமேல் தழும்பு போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் இறங்கி, உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் அவர் வீடு. நான் இருப்பது சூரமங்கலத்தில். ரயில்வே முன்பதிவு கவுண்டரில் வேலை. காலை ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடித்தால் வெயில் தாழ்வதற்குள் போய்விடலாம். அந்த வருடம் அந்தப் பஸ்ஸில் நிறையப் போனேன்.

அண்ணன் ரிக் வண்டிக்காரர். லாரியின்மேல் ஏற்றிய இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போய் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிற தொழில். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டு ஆண்கள் இப்படித்தான் வெளி மாநிலங்களில் இருப்பார்கள். மீசை அரும்பிய வயதில் ஹெல்பராக ஆந்திரா போனார். பிறகு டிரில்லர் ஆனார். பிறகு கூட்டாளியோடு சேர்ந்து சொந்த வண்டி. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று வண்டி போன இடத்துக்கெல்லாம் போனார். மழைக்காலத்தில் வேலை நிற்கும்போதும் மாரியம்மன் பண்டிகைக்கும் வீட்டுக்கு வருவார். வந்தால் சத்தமாகப் பேசுவார். கம்ப்ரசர் இரைச்சலில் இடது காது போய்விட்டிருந்தது. அண்ணியும் பையனும் அவர் இல்லாமலே குடும்பம் நடத்தப் பழகியிருந்தார்கள். பையன் படித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான்.

கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்தபோதே ஈரலுக்குப் பரவியிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலைக்குக் குழாய் வைத்தார்கள். கீமோ கொடுத்தார்கள். உடம்பு தாங்கவில்லை. ஒரு நாள் அங்கிருந்த மருத்துவர் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி இங்க வச்சுச் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. வலிக்கு என்று ஒரு மாத்திரை எழுதியிருந்தது. அது சாதாரணத் தலைவலிக்குப் போடுகிற மாத்திரையைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு எதையும் சொல்லவில்லை. குடலில் புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே அண்ணி என் கையைப் பிடித்து, "புண்ணுன்னே சொல்லுங்க அம்மிணி" என்று ஞாபகப்படுத்துவார். அண்ணனும் ஒன்றும் கேட்டதில்லை. அவர் கேட்காததால் தெரியாது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், என் கவுண்டருக்கு அடுத்த கவுண்டரில் இருக்கிற தோழியிடம் சொன்னேன். அவள் வீட்டுக்காரர் இரண்டு வருடம் முன்பு தொண்டையில் புற்றுநோய் வந்து இறந்தவர். அவள்தான் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இதற்கென்று தனியாக ஒரு பிரிவு இருப்பதைச் சொன்னாள். வலி நிவாரணப் பிரிவு என்று போர்டு இருக்கும், சிலர் ஆதரவு சிகிச்சை என்பார்கள், குணமாகாத நோய்க்காரர்களைப் பார்க்கிற இடம் என்றாள். "சாகப் போறவங்களுக்கா?" என்று கேட்டேன். "நானும் அப்படி நெனச்சுத்தான் கடைசி வாரத்துல கூட்டிட்டுப் போனேன். முன்னாடியே போயிருக்கலாம்" என்றாள்.

பையன் சனிக்கிழமை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவன் அப்போது சென்னையில் ஏதோ புது மருந்து பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான். அண்ணியின் தம்பி கொல்லிமலையிலிருந்து பச்சிலை வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தார். என் யோசனை இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அன்று அண்ணன் வலி பொறுக்காமல் நாற்காலியின் சாய்மானத்தைக் கடித்துவிட்டார். திங்கட்கிழமை காரில் கிளம்பினோம்.

காரில் அவரால் உட்கார முடியவில்லை. பின்சீட்டில் மண்டியிட்டு, பின்பக்கம் திரும்பி, சீட்டின் தலைப்பகுதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். சேலம் வரைக்கும் பின்கண்ணாடி வழியாக, எங்களுக்குப் பின்னால் வந்த லாரிக்காரர்களைப் பார்த்தபடி. ஒரு லாரி டிரைவர் கையை அசைத்தார். அண்ணன் பதிலுக்கு ஒரு விரலைத் தூக்கினார்.

அங்கிருந்த டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. பேப்பர்களை ஓரமாக வைத்துவிட்டு, அண்ணன் திரும்பி உட்கார வாகாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தானும் எதிரே, அவர் முகம் தெரிகிற உயரத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு நெனைக்கறீங்க?"

அண்ணி அவசரமாக, "புண்ணுதானுங்க, கொடல்ல" என்றார். டாக்டர் அண்ணியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மறுபடியும் அண்ணன் பக்கமே திரும்பிக் காத்திருந்தார்.

"கேன்சருங்க" என்றார் அண்ணன், வழக்கமான சத்தத்தில். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "கணையத்துல. ஈரலுக்கும் போயிருச்சுங்க. கோயமுத்தூர்ல கை விரிச்சுட்டாங்க."

பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யாருங்கப்பா சொன்னது?" என்று கேட்டான்.

"நீதான் சொன்ன. அங்க வராண்டாவுல என்ற பக்கத்துல ஒக்காந்து உங்க மாமன்கிட்ட போன்ல எல்லாத்தயும் சொன்னியே." பிறகு டாக்டரிடம் திரும்பினார். "எனக்குச் செவுடு எடது காதுங்க. அவன் சோத்தாங்கைப் பக்கம் ஒக்காந்து பேசீட்டிருந்தான். எந்தக் காது செவுடுன்னு அவனுக்குத் தெரியாது. தெரியறதுக்கு நான் எங்க ஊட்டுல இருந்தேன்?"

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பையன் எழுந்து வெளியே போனான். அண்ணி அவன் பின்னாலேயே போகவா, இங்கேயே இருக்கவா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்.

"அப்பறம் எதுக்குங்க எங்ககிட்டச் சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"நீங்கெல்லாம் அவ்வளவு சிரமப்பட்டு மறைக்கறீங்க. கெடுப்பானேன்னு இருந்துட்டேன் பாப்பா."

டாக்டர் அதைத் தாண்டி எதையும் பெரிதாக்கவில்லை. வலியைப் பற்றிக் கேட்டார். எங்கே தொடங்குகிறது, எங்கே போகிறது, எப்போது கூடுகிறது, ராத்திரி எப்படி, சாப்பிட்டால் எப்படி. இத்தனை மாதத்தில் அந்த வலியைப் பற்றி அவரிடமே யாராவது இவ்வளவு கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அண்ணன் ரிக்கில் கோளாறு சொல்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். முடிவில் அவரே ஒன்று கேட்டார்.

"இன்னும் எத்தன நாளுங்க?"

"நாள் சொல்ல எனக்குத் தெரியாதுங்க ஐயா. வருசக் கணக்கு இல்ல. மாசம் ஒண்ணு ரெண்டு இருக்கலாம், முன்னப்பின்ன ஆகலாம். அது வரைக்கும் வலி இல்லாம இருக்கறதுக்கு என்ன செய்யணுமோ அத நாங்க செய்வோம்."

"அது போதுமுங்க" என்றார்.

மார்ஃபின் எழுதிக் கொடுத்தார்கள். பையன் வராண்டாவில் அதை எதிர்த்தான். போனில் தேடிப் பார்த்துவிட்டான். "அபின்லேர்ந்து எடுக்கறது அத்தை. அப்பாவை அடிமையாக்கிப் படுக்க வெச்சிரும். அப்பறம் டிரீட்மென்ட்டுக்கு உடம்பு எங்க ஒத்துழைக்கும்?" டாக்டரே வெளியே வந்து அவனோடு நின்று பேசினார். வலி இருக்கிற உடம்பு வலிக்குக் கொடுக்கிற அளவை வலிக்கே செலவழித்துவிடும், போதைக்குச் சாப்பிடுகிறவன் கதை வேறு என்றார். குறைந்த அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம், மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கு மருந்தை மறக்கவே கூடாது, வலி வந்தபிறகு கொடுக்காமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்றார். பையன், "அப்ப இனி டிரீட்மென்ட் இல்லைங்கறீங்க" என்றான்.

"வலிக்குப் பாக்கறதும் வைத்தியம்தாங்க தம்பி. சென்னைக்குப் போகணும்னாலும் போங்க. ஆனா அவரைக் கேட்டுட்டுப் போங்க."

அவன் கேட்டான். காரில் மறுபடியும் மண்டியிட்டுக்கொண்டிருந்த அண்ணன், "நான் வல்ல சாமி" என்றார். சென்னைப் பேச்சு அத்தோடு முடிந்தது. பையனின் மனதில் முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணி எனக்குப் போன் செய்தார்.

"அம்மிணி, உங்கண்ணன் எந்திரிக்க மாட்டேங்கறாருங்க. நேத்துப் பொழுதோட படுத்தவரு. மல்லாக்கப் படுத்திருக்கறாருங்க. அந்த மாத்தரதான் எதோ பண்ணீருச்சு. பையன் அப்பவே சொன்னான்."

டாக்டர் கொடுத்திருந்த எண்ணில் கூப்பிட்டேன். கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, மூச்சு ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அண்ணி போய்த் தோளைத் தட்டியிருக்கிறார். அண்ணன் கண்ணைத் திறந்து, "ஒரு மனுசன் தூங்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். வாரக்கணக்கில் பாக்கியிருந்த தூக்கம். அதற்குமேல் ஒன்றுமில்லை. மாலையில் எழுந்து கஞ்சி குடித்தார். பிளாஸ்டிக் நாற்காலியைச் சரியான பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. வலி என்பது உடம்பில் ஒரு பக்கம் இருக்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன். அது போனபிறகு பார்த்தால், அந்த ஆள் முழுவதையும் அதுதான் பிடித்து வைத்திருந்தது தெரிந்தது. நோய் அப்படியேதான் இருந்தது. வாரா வாரம் மெலிந்துகொண்டே போனார். ஆனால் பேசினார். பேப்பர் படித்தார். சத்தீஸ்கரில் அவர் வண்டியில் வேலை செய்கிற ஆட்களோடு வீடியோவில் இந்தியில் கத்தினார்.

ஒரு நாள் தட்டில் சோற்றைத் தள்ளிவிட்டு, ரொட்டி வேண்டும் என்றார். அண்ணி கல்லில் எண்ணெய் விட்டுச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தார். "இதில்ல. நெருப்புல சுடறது. தொட்டுக்கப் பச்ச வெங்காயமும் உப்பும் பச்சமொளகாயும்." ரிக் கேம்ப்பில் இத்தனை வருடமும் ராத்திரிச் சாப்பாடு அதுதானாம். அவரே சுடுவாராம். அண்ணி அடுப்புத் தணலில் இடுக்கியால் பிடித்துச் சுட்டுக் கொண்டுவந்தார். ஒரு வாய் தின்றார், அதற்கு மேல் இறங்கவில்லை. "நல்லாருக்குது" என்றார்.

அண்ணி சமையலறைக்குள் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "கட்டிக்கிட்டு முப்பது வருசமாச்சு அம்மிணி. இவரு இதெல்லாம் திம்பாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

அதில் வருத்தத்தைவிடக் கோபம்தான் இருந்தது. அந்தக் கோபத்தை வெளியே எடுத்தவர், சேலம் ஆஸ்பத்திரியின் அந்தப் பிரிவிலிருந்து வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ். அம்மாபேட்டையிலிருந்து பணிக்கு வருகிறவர், எங்கள் பக்கத்துக் கிராமங்கள் அவர் பொறுப்பு. ஒரு ஜீப்பில் வாரம் ஒரு முறை வருவார். அண்ணனின் வாயைத் திறந்து பார்ப்பார், முதுகைப் பார்ப்பார், மலம் போனதா என்று கேட்பார். படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டுவது, தலையணையை எந்த இடத்தில் கொடுப்பது என்று காட்டுவார். அன்று எல்லாம் முடித்துவிட்டு அண்ணியிடம், "நீங்க எப்பத் தூங்கறீங்க?" என்று கேட்டார்.

அண்ணி சாதாரணமாக, "அது கெடக்குதுங்க" என்றார்.

"இல்லம்மா. கேக்கறேன். எப்பத் தூங்கறீங்க?"

அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். "அழுகக்கூட வரமாட்டேங்குதுங்க. கோவந்தான் வருது. மாமியாளப் பாத்தேன், மாமனாரப் பாத்தேன், பையனப் படிக்க வெச்சேன், எல்லாம் நான் ஒருத்தியே. அவரு போன்ல ரெண்டு வார்த்த பேசீட்டு வெச்சிருவாரு. இப்ப ஊட்டுக்கு வந்து படுத்துக்கிட்டு, அதையும் நானே பாக்கறேன். இப்பிடி நெனைக்கறது பாவமுங்களா?"

"பாவமில்லீங்க. பாக்கற எல்லாருக்கும் வரும். சொல்லாம இருக்கறவங்கதான் அதிகம்." அவ்வளவுதான் சொன்னார் அந்த நர்ஸ். பிறகு என் பக்கம் திரும்பி, வாரத்தில் இரண்டு நாள் நான் தங்கிப் பார்த்துக்கொள்ள முடியுமா, அந்த நாட்களில் அண்ணி வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும் என்றார். அது கேள்வியா உத்தரவா என்று பிடிபடவில்லை. என் வார ஓய்வையும் ஒரு நாள் லீவையும் சேர்த்துப் போகத் தொடங்கினேன்.

நான் தங்கிய நாட்களில் பெரிய வேலையாக இருந்தது வருகிறவர்களைச் சமாளிப்பது. இளநீரும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் தூக்கிக்கொண்டு, பார்க்க வருகிறோம் என்று கூட்டமாக வருவார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். "எப்பிடி இருந்த மனுசன்" என்பார்கள், அந்த மனுஷன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. அவர்கள் போனபிறகு அண்ணனுக்கு மூச்சு வாங்கும். அண்ணியால் யாரையும் வர வேண்டாம் என்று சொல்ல முடியாது. நான் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். "இப்பத்தான் கண் அசந்தாருங்க" என்று சொல்லி, டீ கொடுத்து, அப்படியே திருப்பி அனுப்புவேன். அண்ணன் உள்ளிருந்து, "யாரு பாப்பா வந்தது?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டு என்னைப் பொய்க்காரியாக்குவார்.

ஒரு மாலை அண்ணி துணிகளை மடித்துக்கொண்டு இருந்தார். அண்ணன், "இங்க வந்து ஒக்காரு" என்றார்.

"வேல கெடக்குதுங்க."

"அது நாளைக்கும் கெடக்கும்."

அண்ணி கட்டில் ஓரத்தில், பஸ்ஸில் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தார். நான் வாசலுக்கு வந்துவிட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு தடவை அண்ணியின் குரல் உயர்ந்தது, "அன்னைக்கு நீங்க வந்திருக்கோணும்" என்பது மட்டும் கேட்டது. எந்த அன்றைக்கு என்று நான் பிறகும் கேட்கவில்லை. அண்ணன் ஒன்றும் பதில் சொல்லவில்லை, அல்லது முதல் தடவையாக மெதுவாகச் சொன்னார். இருட்டும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். மறுநாளிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

உடம்பு கீழே போகத் தொடங்கியபோது வேகமாகப் போனது. சாப்பாடு நின்றது. பகலிலும் தூங்கினார். அப்போது நர்ஸ் ஒரு நாள் அண்ணியையும் என்னையும் உட்கார வைத்து, இனி என்னென்ன வரும் என்று சொன்னார். கால் சில்லிட்டுப்போகும். ஒன்றுக்குப் போவது குறையும். பேச்சு குழறும். சாப்பிடு என்று வற்புறுத்தாதீர்கள், வாயை மட்டும் ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே இருங்கள். தொண்டையில் எச்சில் தேங்கிக் களகளவென்று சத்தம் வரும், பார்க்கிறவர்களுக்குத்தான் பயமாக இருக்கும், அவருக்கு அது தெரியாது. மூச்சு நின்று நின்று வரும். அண்ணி ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். அதே நாள் அண்ணன் நினைவோடு இருந்த ஒரு நேரத்தில் நர்ஸ் அவரிடமே கேட்டார், முடியாமல் போனால் ஆஸ்பத்திரியில் இருக்க விருப்பமா, வீட்டிலா என்று.

"தூக்கிட்டு ஓடாதீங்க" என்றார் அண்ணன். "இங்கயே."

பையன் அன்று பெங்களூரில் இருந்தான். போனில் சொன்னோம். "சரி, சரி" என்றான். போனில் கேட்பதும் நேரில் கேட்பதும் ஒன்றில்லை.

அவன் வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு முந்தின நாளிலிருந்தே அண்ணன் யாரையும் கண் திறந்து பார்க்கவில்லை. காலையில் அண்ணி மாத்திரையைப் பொடித்து ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் அந்தச் சத்தம் தொடங்கியது. பையன் அறைக்குள் வந்தவன் அதைக் கேட்டதும் அப்படியே நின்றான். பிறகு வெளியே ஓடினான். ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டான் என்பது அது வாசலில் வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். அண்ணியின் தம்பியும் வந்துவிட்டார். கட்டிலை எப்படித் திருப்பினால் வாசல் வழியே எடுக்கலாம் என்று அவர் பார்க்கத் தொடங்கினார். அண்ணி கட்டிலிலிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"வண்டியத் திருப்பச் சொல்லு சாமி."

"அம்மா, மூச்சுத் திணறுதும்மா. கேக்கலியா உனக்கு?"

"கேக்குது. அது திணறல் இல்ல. இப்பிடிச் சத்தம் வருமுன்னு நர்சம்மா சொல்லீட்டுத்தான் போயிருக்குது."

"ஆக்சிஜன் வெச்சா கொஞ்சம் நல்லாயிருமில்ல?"

"நல்லாகாது."

அண்ணியின் தம்பி, "அக்கா, ஊர்ல என்ன பேசுவாங்க? ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டு போகாம உட்டுட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார்.

"பேசட்டும். அவரு எங்கெங்கயோ இருந்துட்டு இப்பத்தான் ஊட்டுல இருக்கறாரு. மறுபடியும் வண்டியேத்தி உட மாட்டேன்."

அந்த வீட்டில் அண்ணி எல்லா வேலையும் செய்திருக்கிறார். ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் நின்று ஒரு முடிவு சொல்லி நான் பார்த்ததில்லை. நான் நர்ஸைப் போனில் பிடித்துப் பையன் கையில் கொடுத்தேன். அவர் எதிர்முனையில் ஒவ்வொன்றாகக் கேட்டார் போல. அவன் கட்டில் பக்கத்தில் குனிந்து பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். "நெத்தி சுருங்கல... இல்ல, கை சாதாரணமாத்தான் இருக்குது... இல்ல, மொனகல." பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார். ஆம்புலன்சில் வந்த பெண் பணியாளர் உள்ளே வந்து, நாடி பிடித்துப் பார்த்து, அவனோடு சேர்ந்து மெதுவாகப் புரட்டிக் கொடுத்தார். முதுகுக்குத் தலையணை வைத்தார். சத்தம் குறைந்தது. அவர் அண்ணியின் கையை ஒரு முறை தொட்டுவிட்டு வெளியே போனார். வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

பையன் அப்பாவின் வலது பக்கம் போய் உட்கார்ந்தான். "அப்பா" என்று கூப்பிட்டான். பிறகு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான், பெங்களூர் வீட்டைப் பற்றி, வண்டியைப் பற்றி. மத்தியானத்துக்கு மேல், மூச்சுகளுக்கு நடுவில் இடைவெளி நீண்டு, ஒன்றுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பிறகு அண்ணிதான் வாயை மூடிக் கட்டத் துணி கிழித்தார். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொடுக்கச் சொல்லி ஆபீசுக்குப் போன் செய்தேன்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து நர்ஸ் வந்தார். மீதியிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வது அவர் வேலைகளில் ஒன்று. ஆனால் அதை முடித்த பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டார்.

"அன்னைக்குக் காலைல நான் மாத்தர கரச்சு ஊத்துனனுங்களே. அதுலதான் போயிட்டாருங்களா?"

இந்தக் கேள்வியை அவர் எத்தனை நாள் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் கேட்டதில்லை.

"இல்லம்மா" என்றார் நர்ஸ். "அது அவரு தெனமும் எடுத்துட்டிருந்த அதே அளவு. உடம்பு அதுக்குப் பழகியிருந்துச்சு. அவரு நோயால போனாரு. நீங்க குடுத்தது, போறப்ப வலி இல்லாம இருக்கறதுக்கு."

அண்ணி தலையாட்டினார். காபியை ஆற்றிக் கொடுத்தார். ஜீப் வரைக்கும் கூடவே போய், ஏறும்போது மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். நர்ஸ் இறங்கி நின்று அதே பதிலை அதே மாதிரி முதலிலிருந்து சொன்னார். பிறகு சில மாதங்கள் அந்தக் கேள்வி போனில் எனக்கு வந்துகொண்டிருந்தது. நானும் அந்தப் பதிலையே சொன்னேன். எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

பையன் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசச் சில காலம் ஆனது. ஒரு முறை சூரமங்கலம் வந்து என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனாகவே ஆரம்பித்தான். "அன்னைக்குக் கொண்டு போயிருந்தா இன்னும் ரெண்டு நாள் இருந்திருப்பாருன்னு தோணுது அத்தை."

"இருந்திருக்கலாம்" என்றேன்.

"எப்பிடி இருந்திருப்பாருன்னும் தோணுது." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "ரெண்டும் மாறி மாறித் தோணுது."

ரசம் ஊற்றினேன்.

அண்ணி இந்த வருடம் கெங்கவல்லிக்குத் தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். மக்காச்சோளம் ஒடிக்கப் போகிறேன் என்று கிளம்பியவர், ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் திரும்பவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அந்த வீட்டைவிட்டு இத்தனை நாள் இருந்ததில்லை. போன வாரம் கூப்பிட்டேன். பின்னால் கதிரடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"நல்லாருக்கறனுங்க அம்மிணி. உங்கண்ணன்மேல கோவம் இன்னும் இருக்குதுங்க. முன்ன மாதிரி இல்ல." மிஷின் சத்தத்தில் அடுத்து சொன்னது கேட்கவில்லை. "மழை வார மாதிரி இருக்குது, மூட்டையெல்லாம் வெளிய கெடக்குது. பொறவு பேசறேனுங்க" என்று வைத்துவிட்டார்.